சகலையின் தாடைக்கு மண் பரிசோதனை

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் என் சகலை தன் கீழ்ப்பல் செட்டை வாழையிலையோடு சேர்த்து மடித்துப் போட்டுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கீழ்ச்செட் வைத்திருக்கும் பலரும் செய்கிற காரியம்தான்: பேசும்போது மாட்டிக்கொள்வார்கள், சாப்பிடும்போது கழற்றி வைப்பார்கள். அவர் அதைக் கழற்றி இலை ஓரத்தில் அப்பளத்துக்கு அடியில் மறைத்து வைத்தார். பாயசம் வந்தது, மோர் வந்தது, பக்கத்து இலைக்காரரோடு அரசியல் வந்தது. கடைசியில் கல்யாண வீட்டாருக்குத் தன் மனநிறைவைத் தெரிவிக்கும் விதமாக இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். இருவரும் மண்டபத்தின் பின்பக்கம் போய், இலைகளைக் கொட்டியிருந்த பெரிய பிளாஸ்டிக் பைகளைக் கிளற ஆரம்பித்தோம். நான் பட்டு வேட்டியில் இருந்தேன். சமையல்காரர்களில் ஒருவர் என்ன தேடுகிறோம் என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: மோதிரம். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். பந்தி பரிமாறியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் என்று எல்லாரும் தங்கத்தைத் தேட வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சமையல்காரர் சாம்பாரில் ஊறிய ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"மோதிரம் இல்ல அங்கிள். யாரோட பல்லோ கெடக்குது."

சகலை அதைப் பார்த்தார். யாரோ மிதித்திருக்க வேண்டும், இரண்டாக உடைந்திருந்தது. முன்பின் பார்த்திராத பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமலேயே காரை நோக்கி நடந்தார். நான் மட்டும் நின்றேன். நான் பல் டாக்டர், உரியவரைத் தேடிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டேன். என் தொழிலைப் பொதுமக்கள் அவ்வளவு மரியாதையோடு பார்த்தது அன்று ஒருநாள்தான்.

உண்மையில் அந்தச் செட்டைச் செய்து கொடுத்ததே நான். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அரசாங்க உத்தியோகம்போல அசையாமல் இருக்கும். கீழ்ச்செட்டின் நிலை தினக்கூலி. உட்கார்வதற்கு ஒரு குறுகிய வரப்பு. ஒரு பக்கம் கன்னம் இடிக்கும், மறுபக்கம் நாக்கு உதைக்கும். பல் போனபின் அந்த வரப்பும் வருஷத்துக்கு வருஷம் தேயும். எப்பேர்ப்பட்ட மருத்துவன் செய்தாலும் அது மிதக்கும். நான் செய்தது நன்றாகவே மிதந்தது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். பைலிங் காண்ட்ராக்டர்: கட்டடம் எழுவதற்கு முன்னால் கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறவர். போர்ட் கிள்ளான் பக்கத்தில் கையை விட்டால் முழங்கை வரை போகிற சேற்று மண். அந்த மண்ணின்மேல் நிற்கும் பல கிடங்குகள் அவர் அடித்த தூண்களின்மேல்தான் நிற்கின்றன. தரைக்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் அலங்காரம் என்பது அவர் கட்சி. பல்லையும் அலங்காரமாகவே கருதியதால் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, கடைசிப் பல்லும் போன பிறகுதான் சொந்தச் சகலையின் கிளினிக் படியேறினார்.

கல்யாணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர், கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார். "இனிமே கழட்டுற பல்லு எனக்கு வேணாம். அடிச்சு எறக்கு."

அவர் கேட்டதை நான் செய்யக் காத்திருந்தேன் என்பதுதான் இதில் ஆபத்தான விஷயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதிக்கும் முறை எங்கள் ஊர்ப் பக்கம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. திருகைப் பதித்து ஈறை மூடிவிட வேண்டும். சில மாதங்களில் எலும்பு அதைத் தன்னுடையது என்று நம்பிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். பிறகு ஈறைத் திறந்து, திருகின் தலையில் ஒரு குமிழை மாட்டினால், பிரஸ் பட்டன் மாதிரி செட் அதன்மேல் வந்து உட்காரும். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே திருகு போதும், கீழ்ச்செட் நிரந்தர உத்தியோகத்துக்கு வந்துவிடும்.

எழுபதுகளில் மெட்ராஸில் பல் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பிய நான், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் தொழில் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே மிளகாய் அரைக்கும் மில். நோயாளியும் நானும் சேர்ந்து தும்முகிற அந்த நாற்காலியில் சொத்தைக்கு அடைப்பதும் கடைவாய்ப் பல் பிடுங்குவதுமாகப் பதினைந்து வருஷத்துக்குமேல் கழிந்திருந்தது. இந்த வயதில் மனிதன் ஒன்று கோல்ஃப் ஆடப் போவான், இல்லையென்றால் புதிதாக ஏதாவது படிக்கப் போவான். கோல்ஃப் எனக்குப் பிடிபடவில்லை. சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்த வார இறுதி வகுப்புக்குப் போய், பிளாஸ்டிக் தாடையில் திருகு பதித்து, சான்றிதழோடு வந்தேன். அதைச் சட்டம் போட்டு மாட்டுவதில் நான் காட்டிய வேகத்தை மிளகாய் மில்காரரே கவனித்து விசாரித்தார்.

கை பழக வேண்டும் என்று சந்தையில் ஆட்டுத் தாடை வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் துளை போட்டுப் பார்த்தேன். நான் நாய் வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு கறிக்கடைக்காரர் ஒவ்வொரு வாரமும் நாயின் உடல்நலத்தை விசாரிப்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். ஆடுகள் எதுவும் புகார் செய்யவில்லை.

வகுப்பெடுத்த வெள்ளைக்காரர் எங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் ஓர் ஆறுதலும் தந்திருந்தார். கீழ்த்தாடை எலும்புக்குள் இரு பக்கமும் ஒரு சுரங்கம் ஓடுகிறது. பின்பக்கம் நுழைந்து, கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே முன்னால் வந்து, மோவாய்க்குப் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக வெளியேறுகிறது. அதற்குள் ஒரு நரம்பும் ஒரு தமனியும் ஒரு சிரையும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. அந்த நரம்பில் துளைக்கருவி பட்டால் உதடு மரத்துப் போகும். டீ குடித்தால் சட்டையில் வழிவதுகூடத் தெரியாது. இது எச்சரிக்கை. ஆனால் இடப்பக்கத் துளைக்கும் வலப்பக்கத் துளைக்கும் நடுவிலுள்ள முன்தாடையில் அப்படி எதுவும் இல்லை, அங்கே தைரியமாக இறங்கலாம் என்றார். இது ஆறுதல். நாங்கள் எல்லாரும் ஆறுதலைத்தான் குறித்துக்கொண்டோம்.

சகலையின் எக்ஸ்ரே வந்தது. ஒரு காதிலிருந்து மறுகாது வரை தாடையை விரித்துக் காட்டும் நீளமான படம். முன்தாடையில் எலும்பு நல்ல உயரம். விளக்குப் பெட்டியில் மாட்டி அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கட்டட வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆழம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். இருப்பதிலேயே நீளமான திருகைப் போடு என்றார். எனக்கும் அதுவே ஆசை. நீளம் கூடினால் பிடிப்பு கூடும் என்பதில் பைலிங்காரருக்கும் பல் டாக்டருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் பல வருஷ உறவில் நாங்கள் முழுமையாக ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அதோடு நிறுத்தியிருந்தால் சகலை ஆகமாட்டார்.

"ஆமா டாக்டரே, இது ரோட்டுல நின்னுக்கிட்டு நெலத்தப் பாக்குற மாதிரியில்ல இருக்கு. மண்ணு எப்படின்னு போர் போட்டுப் பாத்தியா?"

"எக்ஸ்ரே போதும்ண்ணே."

"எனக்குப் போதாதுலா."

பிறகு, மண்ணைச் சோதிக்காமல் தூண் அடித்த ஒரு காண்ட்ராக்டரின் கதையைச் சொன்னார். அடித்த தூண் ஒவ்வொன்றும் கொஞ்சம் இறங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்பி, பக்கத்து நிலத்தில் தலைகாட்டியதாம். அந்தக் கதையை அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வதுண்டு. ஒவ்வொரு தடவையும் தூண் இன்னும் தூரத்தில் போய் முளைக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. தொழில் முறையில் ஒருவன் எதையும் பொறுத்துக்கொள்ளலாம், சகலை பாடம் நடத்துவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், எலும்பின் தடிமனைக் காட்டாது என்பது எனக்குத் தெரியாததல்ல. தடிமனை அளக்க ஒரு வழி பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ஈறை மரக்கச் செய்து, சின்ன ரப்பர் வளையம் கோத்த மெல்லிய ஊசியால் வரிசையாகக் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி எலும்பில் முட்டும்போது வளையம் ஈறின் தடிமனைச் சொல்லும். பிறகு அதே தாடையின் பிளாஸ்டர் அச்சைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஈறின் தடிமனைக் கழித்துக் கோடு போட்டால், உள்ளே இருக்கும் எலும்பின் உருவம் கிடைத்துவிடும். அதைச் செய்து, நீளத் திருகு கம்பீரமாக நிற்கும் படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, இதோ உங்கள் மண் என்று சொல்ல வேண்டும். நோக்கம் இவ்வளவுதான். நோயாளியின் நலன் என்ற சொல் அன்று என் மனத்தில் எந்த மூலையிலும் இல்லை.

ஊசிக் குத்தல்களை அவர் ஆனந்தமாக வாங்கிக்கொண்டார். "இன்னும் ரெண்டு எடத்துல குத்து" என்று உற்சாகப்படுத்தினார். வாயின் தளத்தில் நாக்குப் பக்கமும் குத்தினேன். அச்செடுத்து அனுப்பிவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து அச்சை அறுத்தேன். இட்லித் தட்டில் பிளாஸ்டர் தூசி படிகிறது என்று மனைவி சொன்னாள். கோடு போட்டேன். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே உருவம்தான் வந்தது.

எக்ஸ்ரேயில் நிமிர்ந்து நின்ற எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் நிமிர்ந்து நிற்கவே இல்லை. தலை நாக்குப் பக்கமாகவும், கால் மோவாயின் பக்கமாகவும், பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போனவன்போலச் சாய்ந்து நின்றது. போதாக்குறைக்கு, நாக்குப் பக்கச் சுவரில் பாதி உயரத்தில் கரண்டியால் சுரண்டி எடுத்ததுபோல ஒரு குழிவு. நான் போடவிருந்த நீளத் திருகை அதே அளவுக்கு வரைந்து, மேலிருந்து நேராக இறக்கிப் பார்த்தேன். பாதி வழியில் எலும்பைப் பிய்த்துக்கொண்டு நாக்கடியில் வெளியே வந்தது.

சமையலறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து, மறுபடி அச்சைப் பார்த்தேன்.

பல்லை முல்லையரும்பு என்றும் முத்து என்றும் பாடாத புலவர் தமிழில் இல்லை. அந்த முத்தைப் பதித்து வைத்திருக்கும் எலும்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. எலும்புக்கு அந்தப் பக்கம் ஓடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாணவனாக இருந்தபோது பிணத்தின் தாடையைப் பிளந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மறந்திருக்கிறேன். கழுத்திலிருந்து நாக்குக்குப் போகும் தமனியின் ஒரு கிளை, நாக்கடியில், தாடையின் உட்சுவரை ஒட்டி முன்னால் வருகிறது. முகத்துக்குப் போகும் தமனியின் ஒரு கிளை மோவாய்க்கு அடியில் அதே திசையில் வருகிறது. இரண்டும் முன்பக்கத்தில் கைகோத்துக்கொண்டு, நடுத்தாடையின் உட்பக்கத்தில் இருக்கும் நுண்துளைகள் வழியாக எலும்புக்குள் மெல்லிய கிளைகளை அனுப்புகின்றன. அதாவது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட இடத்தின் கொல்லைப்புறம் முழுக்க ரத்த ஓட்டம்.

அங்கே துளைக்கருவி பட்டால் ரத்தம் வாயில் வழிந்து எச்சரிக்காது. அறுந்த குழாய் சதைக்குள் சுருங்கிக்கொள்ளும். நாக்கடியில் உள்ள தளர்ந்த இடத்தில் ரத்தம் சத்தமில்லாமல் தேங்கும். வாயின் தளம் உப்பும், நாக்கு மேலே ஏறி அண்ணத்தில் முட்டும், பின்னால் நகர்ந்து மூச்சை அடைக்கும். மிளகாய் மில்லுக்கு மேலே, ஒரு நாற்காலியும் ஒரு துப்புத்தொட்டியும் உள்ள இடத்தில், அப்போது நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மெட்ராஸில் என்னோடு படித்த ஒரு தோழி தாடை அறுவை நிபுணராகி, கோலாலம்பூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, அப்படி ஒருவர் எங்கிருந்தோ தன்னிடம் கொண்டுவரப்பட்டதைச் சொன்னார். நாக்கு வாய்க்கு வெளியே நின்றதாம், கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சைக் காப்பாற்ற முடிந்ததாம். பதித்தவர் கெட்டிக்காரர்தான் என்றும் சொன்னார்.

"நீ அச்சை அறுத்தே பாரு, அதுக்கே உன்னை நான் மெச்சிக்கிறேன்" என்றார்.

எதற்காக அறுத்தேன் என்பதை நான் சொல்லவில்லை. மெச்சுகிறவர்களைத் தடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அவர் யோசனை தெளிவாக இருந்தது. திருகின் நீளத்தைக் குறை. எலும்பு சாய்ந்திருக்கும் கோணத்திலேயே, நுனி மோவாயைப் பார்த்து இருக்கும்படி இறக்கு. நாக்குப் பக்க ஈறையும் மெல்லப் பிரித்து எலும்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய். முக்கியமாக, என் ஆஸ்பத்திரியில் வந்து செய், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

எல்லாம் நியாயம். ஒரே சிக்கல், சகலையின் மனைவியான அக்கா ஏற்கெனவே நாள் குறித்துவிட்டார். காலண்டரைப் பார்த்து, ராகு காலம் எமகண்டம் தவிர்த்து, வளர்பிறை வியாழக்கிழமை காலை. அந்தப் பக்கத்து உறவினர் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. தள்ளிப்போட வேண்டும் என்றதும் மனைவி, அதை அக்காவிடம் தான் சொல்லப் போவதில்லை என்று அறிவித்துவிட்டாள். நானே போன் செய்தேன். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா அழ ஆரம்பித்தார். பல்லுக்குப் போய் ஆஸ்பத்திரி என்றால், மறைக்கிற நோய் ஏதோ இருக்கிறது என்பது அவர் முடிவு. மாலைக்குள் செய்தி கேரி தீவு வரை போய், அங்கிருந்து ஒரு சித்தப்பா, சகலைக்குப் புற்றுநோயா என்று எனக்கே போன் செய்து விசாரித்தார். இல்லை, டாக்டருக்குத்தான் கை நடுக்கம் என்ற இரண்டாவது செய்தி மறுநாள் காலை கிளம்பியது. அதை நான் மறுக்கவில்லை.

அன்று மத்தியானம் சகலையே கிளினிக்குக்கு வந்துவிட்டார். படியேறி வந்த மூச்சு அடங்கும்முன்பே ஆரம்பித்தார்.

"பயந்துட்டியாமே."

"ஆமாண்ணே."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். இதே கோலாலம்பூரில் வேறொரு பல் டாக்டர் ஒரே உட்காரலில் போட்டுவிடுவதாகத் தன் நண்பர் சொன்னார் என்றும், குடும்பத்துப் பணி குடும்பத்திலேயே இருக்கட்டும் என்றுதான் என்னிடம் வந்ததாகவும் சொன்னார். போக நினைத்தால் போகலாம், ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, சுட்டுவிரலை நாக்குக்கு அடியில் விட்டு, தாடையின் உட்பக்கத்தை மேலிருந்து கீழே தடவச் சொன்னேன்.

விரல் இறங்கியது. பாதியில் உள்ளே போனது. அவர் முகம் மாறியது. மறுபடி தடவினார். பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தன் வாய்க்குள்ளேயே இருந்த ஒரு பள்ளத்தை அவர் அன்றுதான் கண்டுபிடித்தார்.

அறுத்த அச்சைக் கையில் கொடுத்தேன். நேராக இறங்கும் கோட்டைக் காட்டினேன். எங்கே வெளியே வரும், அங்கே என்ன ஓடுகிறது, அறுந்தால் நாக்குக்கு என்ன ஆகும் என்று ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை இருவரும் தும்மினோம்.

"செத்துப் போவேனா?"

"உடனே கவனிக்கலன்னா போகலாம்ண்ணே. அதான் ஆஸ்பத்திரி. என்கூடப் படிச்ச டாக்டரம்மா ஒருத்தங்க பக்கத்துல நிப்பாங்க. நீளத்தையும் கொறைக்கிறேன்."

குறைப்பது அவருக்கு வலித்தது. அது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஆழத்தை நம்பியவர். அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எலும்பின் சாய்வை விரலால் தொடர்ந்தார்.

"நேரா அடிக்கணும்னு எவன் சொன்னான்? கப்பல் நிக்கிற ஜெட்டில சாச்சுத்தான் அடிப்போம். மண்ணு எப்படிப் படுத்திருக்கோ அப்படி." பிறகு அச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வரேன். ஆனா நீதான் போடணும். அந்தம்மா நின்னு பாக்கட்டும்."

தோழி சொன்னதையே அவர் சொன்னார். இரண்டு நிபுணர்கள் ஒரே முடிவுக்கு வந்தபிறகு நான் மறுக்க என்ன இருக்கிறது.

அக்கா காலண்டரை மறுபடி பார்த்தார். அடுத்த நல்ல நாள் கிடைக்கும்வரை எனக்கும் அவகாசம் கிடைத்தது. ஆடுகளின் தாடையில் சாய்த்துத் துளைக்கப் பழகினேன். கறிக்கடைக்காரர், நாய் இப்போதெல்லாம் அதிகம் சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்பட்டார்.

அறுவை நாளன்று தோழி எனக்கு எதிரே நின்றார். பக்கத்து மேசையில் மூச்சுக்குழாய் வகையறாக்கள் துணி மூடி இருந்தன. அந்தத் துணியை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஈறைப் பிரித்தேன். நாக்குப் பக்கம் பிரித்தபோது, அச்சில் நான் கோடாகப் பார்த்த அந்தக் குழிவு நிஜமாகவே அங்கே இருந்தது. ஒரு மெல்லிய தகட்டைச் சதைக்கும் எலும்புக்கும் நடுவில் வைத்து, அதன்மேல் என் இடது சுட்டுவிரலை வைத்தேன்.

துளைக்கருவி சுற்ற ஆரம்பித்ததும் விரல் நுனியில் ஒரு ரீங்காரம். எலும்பு தடித்து இருக்கும்போது அது தூரத்தில் கேட்கும், மெலிந்தால் நெருங்கி வரும் என்று நான் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் எனக்குக் கேட்டதெல்லாம் என் நெஞ்சு அடிக்கும் சத்தம். கொஞ்சம் துளைப்பேன், நிறுத்துவேன், நுனி மழுங்கிய கம்பியால் துளைக்குள் நாலாபக்கமும் தடவி, எல்லாச் சுவரும் கெட்டியா என்று பார்ப்பேன். மறுபடி கொஞ்சம். ஒரு தடவை என் கை தானாகவே நிமிர்ந்து, பழைய பழக்கத்தில் கருவியை நேராக்கியது. தோழி தன் மோவாயை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். நான் சாய்த்தேன்.

முதல் திருகு இறங்கிக் கெட்டிப்பட்டது. இரண்டாவதும் இறங்கியது. விரலுக்கு அடியில் எதுவும் முளைக்கவில்லை. தையல் போடும்போதுதான் என் கால்கள் மரத்துப் போயிருந்தது தெரிந்தது, மருந்தே இல்லாமல்.

ஆனால் இந்த ரத்தக்கசிவு உடனே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை, சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்று தோழி சொல்லியிருந்தார். அதனால் வார்டில் சகலையின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். சற்றுநேரத்துக்கு ஒருமுறை நாக்கைத் தூக்கச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்ப்பேன். நாக்கடி தட்டையாக, இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் மனித வாயில் அவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. மோவாய்க்கு அடியிலும் அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று இருக்கும். பத்து நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடி டார்ச்.

பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அவர் கையைக் காட்டித் திட்டினார். அக்கா பத்துமலை முருகன் கோயில் விபூதியை அவர் நெற்றியில் பூசிவிட்டு, என் நெற்றியிலும் பூசினார். உங்களுக்குத்தான் தம்பி அதிகமாக வேண்டும் என்றார். சாயங்காலம் தோழி வந்து தானும் ஒருமுறை பார்த்து, வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். வீங்கினாலோ, நாக்கு தடித்தாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியனுப்பினார். அவர்கள் கார் கிள்ளான் பக்கம் திரும்பி மறையும்வரை வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் காலை கிளினிக்கைத் திறந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். அக்கா எடுத்தார். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பின்னணியில் ஓர் ஆண் குரல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வானொலி என்று நினைத்தேன். சகலைதான், விடிந்ததிலிருந்து கைத்தொலைபேசியில் லோரி டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம். கஞ்சி சப்பென்று இருக்கிறது என்று அக்காவுக்கும் ஒரு பாட்டு கிடைத்ததாம்.

"நாக்கு வீங்கலியேக்கா?"

"வீங்குமான்னுதான் தம்பி நானும் காலையிலேருந்து பாக்குறேன். ஒரு நாளாச்சும் வீட்டுல சத்தமில்லாம இருக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் போனை வைத்துவிடாமல் அந்தக் குரல் பக்கம் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். லோரி எங்கே, ஏன் இன்னும் வரவில்லை, உனக்கு எத்தனை தடவை சொல்வது என்று அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லையும் கீழ்ப்பல் இல்லாமலேயே முழுசாக உச்சரித்துக்கொண்டிருந்தது. எலும்பு திருகைக் கட்டிப்பிடிக்க இன்னும் பல மாதங்கள் ஆகும். அது எலும்பின் பொறுப்பு. நான் உட்கார்ந்து, அந்தத் திட்டு முழுவதையும் கடைசி வரை கேட்டேன்.